கசான் போக ஒன்பது பேர் தேவை

இன்று காலை முதலியார்பேட்டையில் ஒரு டூர் ஆபீஸுக்குப் போனேன். ரஷ்யாவின் பழைய நகரங்களைக் குழுவாகச் சுற்றிக்காட்டுகிறார்களாம்.

மேஜையில் இருந்த பெண் மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க், கசான் என்று அடுக்கிக்கொண்டே வந்தார்.

"கசான்ல எவ்ளோ நேரம்மா நிப்பீங்க?"

"ஒரு நாள் சார். கோட்டை பாக்கலாம்."

"கோட்டைய வுடும்மா. மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல் பாக்க முடியுமா? எம்பொண்ணு அங்கதான் படிக்குது."

"கேட்டுப் பாக்கறேன் சார். ஜூலைல கெளம்பறோம்."

அங்கிருந்தே மகளுக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

"அப்பா, ஜூலைல எனக்கு லீவு. நான் பாண்டில நம்ம வூட்ல இருப்பேன். நீ இங்க வந்து யாரப் பாப்ப?"

பத்தாவதோடு நின்ற மூளை, மாதத்தை யோசிக்கவில்லை.

அவள் வருவது சந்தோஷம்தான். ஆனால் இரண்டு வருடமாக வீடியோவில் அவளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் தெரிகிறது. அதற்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

போனை வைத்துவிட்டு மேஜைப் பெண்ணிடம் கேட்டேன். "ஜனவரில டூர் உண்டாம்மா?"

"பனி கொட்டும் சார். பத்து பேர் சேந்தா கூட்டிட்டுப் போவோம்."

மார்கழிக்கே மப்ளர் கட்டுகிற நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னும் ஒன்பது பேர் வேண்டும். கமெண்டில் கை தூக்குங்கள். கோட்டையெல்லாம் நீங்கள் பாருங்கள், அந்த ஜன்னலை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.