திரும்பி வரவேண்டியவர்கள்

நோர்வேயில் எங்கள் பகுதித் தேவாலயத்தின் பெண் மதகுரு சென்ற வருடம் ஓய்வுபெற்றார். முப்பது வருடமாக இங்கே இருந்தும் எனக்குப் பிடிபடாத விடயங்களில் அந்தப் பிரியாவிடையும் ஒன்று. ஆராதனை முடிய ஒரு கேக், பிளாஸ்கில் கோப்பி, ஒரு பூங்கொத்து. இரண்டு பேர் பேசினார்கள், அதுவும் நின்றபடியே. அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்து, பூங்கொத்தைச் சைக்கிள் கூடையில் வைத்து மிதித்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். போகுமுன், இனி எங்களுக்காக யார் ஜெபிப்பார்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் அன்போடு என் கையைப் பிடித்து, புதியவர் முதலாம் திகதி பொறுப்பேற்கிறார், அலுவலகம் செவ்வாயும் வியாழனும் பத்து மணிக்குத் திறக்கும் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போது என் நெஞ்சில் இருந்தவர் திருகோணமலையில் எங்கள் சபையின் பாஸ்டர் ஐயா. அவரும் ஓய்வுபெறப் போகிறார் என்று அந்த வாரம்தான் அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தார். துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்தச் சிறிய கட்டடத்தில், ஞாயிறு தோறும் பாஸ்டர் ஐயா ஒரு கொப்பியைத் திறந்து பெயர்களை வாசித்து ஜெபிப்பார். முதலில் நோயாளிகள், பிறகு பரீட்சை எழுதுகிறவர்கள், கடைசியாகத் திரும்பி வரவேண்டியவர்கள். இறந்தவர்களுக்காக எங்கள் சபையில் ஜெபிப்பதில்லை. ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய பெயரும் கொப்பியை விட்டுப் போய்விடும். அந்தக் கடைசிப் பகுதியில் என் தம்பி சீலனின் பெயர் இருந்தது.

சீலன் அவுஸ்திரேலியாவுக்கென்று மீன்பிடி றோலர் படகொன்றில் ஏறியவன். நான் விமானத்தில் வந்து இறங்கியவள். தனக்கும் ஒரு வழி பார்க்கச் சொல்லி அவன் கேட்டபோதெல்லாம், பார்ப்போம் பார்ப்போம் என்று நாளைக் கடத்தியவளும் நான்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் புறப்பட்டுவிட்டான். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா முழங்கால் வலியோடு ஞாயிறு தோறும் சபைக்கு நடந்து போனது அந்தப் பெயரைக் கேட்கத்தான். பெயர் வாசிக்கப்படும்வரை அவருக்கு மகன் இருந்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் பாஸ்டர் ஐயா எனக்கு அழைப்பு எடுத்தார். அதே றோலரில் போய், இந்தோனேசியாவில் பல வருடம் கிடந்து திரும்பிய, திரியாய் ஊர்ப் பொடியன் ஒருவன் அவரைத் தேடி வந்திருந்தானாம். ஒன்பதாம் நாள் சீலனுக்குக் காய்ச்சல் வந்தது, மருந்தில்லை, இறந்தவனைக் கடலில்தான் விட்டார்கள். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று ஐயா என்னைக் கேட்டார். சொல்லவேண்டாம், அம்மா இருக்கும்வரை பெயரை வாசியுங்கள் என்றேன். அவர் கடைசியில் சரி என்றார்.

அன்றிலிருந்து என் ஞாயிறுகள் இரண்டாகின. காலையில் அம்மா வட்ஸ்அப்பைப் போட்டுத் தொலைபேசியைச் சபையில் தான் இருக்கும் வாங்கில் வைப்பார். சீலனைத் திரும்பக் கொண்டுவாரும் என்று பாஸ்டர் ஜெபிக்க, நான் இங்கிருந்து ஆமென் சொல்வேன். பத்து மணிக்கு இங்குள்ள தேவாலயத்துக்குப் போய், இறந்தவர்களுக்காக மெழுகுதிரி ஏற்றும் இரும்புச் சட்டத்தில் அவனுக்கென்று ஒன்றை ஏற்றுவேன். ஒரு நாட்டில் என் தம்பி உயிரோடு இருந்தான். மற்ற நாட்டில் செத்துப்போயிருந்தான்.

ஆகவே நான் ஊருக்குப் போனது பிரியாவிடைக்கு என்று சொன்னால் அது பாதி உண்மைதான். புதிதாக வருகிறவரும் அந்தப் பெயரை வாசிக்க வேண்டும், அதற்கு ஐயா ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சனிக்கிழமை அவரைக் காணப் போனேன். பைபிள்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கு, நாளைக்குப் பார்ப்போம் பிள்ளை என்று மட்டும் சொன்னார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு சபை கல்யாண வீடாக இருந்தது. வாசலில் கட்டியிருந்த வாழைகளை எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் இழுத்துத் தின்ன, இளைஞர்கள் துரத்தி அலுத்துப்போனார்கள். கிண்ணியாவிலிருந்து புரியாணிச் சட்டிகள் வந்து இறங்கின. பொன்னாடைகள், வாழ்த்துப்பா, ஒலிவாங்கியை விடமனமில்லாத பேச்சாளர்கள் என்று மூன்று மணித்தியாலம். கடைசியில் பாஸ்டர் ஐயா எழுந்து புதியவரைப் பக்கத்தில் அழைத்து, கொப்பியைக் கையில் எடுத்தார். கொடுக்கப் போனவர் நிறுத்தினார்.

"இதில ஒரு பொய் இருக்கு. அதையும் சேத்து இந்தத் தம்பியிட்டக் குடுக்க என்னால ஏலாது. சீலன் கடலிலயே மோசம் போயிட்டான். ரெண்டு வருசமா எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் வாசிச்சனான்."

ஒருமுறை என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லவில்லை.

என் பக்கத்தில் அம்மா நிமிர்ந்தபடி இருந்தார். பெண்கள் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். சற்றுமுன் பொன்னாடை போர்த்திய மூப்பர் ஒருவரே எழுந்து, பிரசங்க மேடையில் நின்று இரண்டு வருடம் பொய் சொன்னீர்களா என்று கேட்டார். ஐயா தலையாட்டினார். புரியாணிச் சட்டிகளை ஒருவரும் திறக்கவில்லை. அவர் பக்கக் கதவால் இறங்கி, தம்பலகாமத்தில் இருக்கும் மகளின் வீட்டுக்கு ஓட்டோவில் ஏறினார். இத்தனை வருடம் எங்களைச் சுமந்த மனிதரை வழியனுப்ப ஒருவரும் போகவில்லை, நானும் போகவில்லை. நான்தான் வாசிக்கச் சொன்னேன் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். என் வாய் திறக்கவில்லை. என்னைப்போல் கோழை அந்தச் சபையில் அன்று வேறு யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து, அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து சொன்னேன். "ஐயாவில பிழை இல்லை அம்மா. அவர் முதல்ல எனக்குத்தான் சொன்னவர். நான்தான் வாசிக்கச் சொன்னனான்."

அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏசட்டும், அடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்ப ரெண்டு வருசமா நீ தனியவே அழுதனி," என்றார்.

அதற்குப் பிறகு தனியாக அழவேண்டி இருக்கவில்லை. மறுநாள் காலை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்குப் போனார். பாஸ்டர் ஐயா எங்களைக் கண்டு படியிலேயே நின்றுவிட்டார். அந்த வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன் என்றார் அம்மா. சாப்பிட்டார். இருவரும் சீலனைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை, முதல்நாள் யானை வந்து வேலியை உடைத்த கதைதான் நடந்தது. அடுத்த ஞாயிறு வருமுன் என் விடுமுறை முடிந்துவிட்டது. அன்று அவரை ஏசியவர்களும் இதை வாசிப்பீர்கள். அந்தப் பொய் என்னுடையது. அவர் அதைச் சுமந்தவர் மட்டும்தான்.

இங்கே வந்த முதல் ஞாயிறு, தேவாலயத்துக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டு வட்ஸ்அப்பில் கேட்டேன். புதியவரின் குரல் இளம் குரல், கொஞ்சம் அவசரம். நோயாளிகள் முடிந்தது, பரீட்சை முடிந்தது. திரும்பி வரவேண்டியவர்கள் என்றார். தம்பியின் பெயர் இராது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு நின்றேன். அவர் வாசித்தது என் பெயரை. அம்மா கேட்டுச் சேர்த்திருக்கிறார். என் வீடும் பிள்ளைகளும் முப்பது வருட வேலையும் இங்கேதான், பேரப்பிள்ளை ஒன்றும் வரப்போகிறது. நான் எங்கே திரும்பிப் போக? முழுச் சபையும் ஆமென் சொன்னது. அம்மாவின் குரல் எல்லாவற்றையும்விடக் கிட்டக் கேட்டது. குசினியில் நின்றபடி நானும் ஆமென் சொன்னேன். சொன்ன பிறகுதான், எதற்குச் சம்மதித்துவிட்டேன் என்று நெஞ்சு திடுக்கிட்டது.