முப்பது வரை எண்ணியவர்

ஒன்பது வருடங்களாக ஞாயிறு தவறாமல் மகாவலிக் கரையில் நின்றுவிட்டு, ஒரு மீனைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதரைப் பெண்சாதி எப்படித்தான் நம்புவாள்? இதை விமலநாதனிடம் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். பிடித்த விராலைக் கொல்லாமல் திரும்ப ஆற்றில் விடுவதுதான் இந்த விளையாட்டுக்கு மரியாதை என்பார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளர் அல்லவா, எதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். மீன் கைக்கு வந்ததும் வாய்விட்டு எண்ணத் தொடங்குவார். அதற்கு மேல் மீனைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருக்கக் கூடாதென்று முப்பதில் விட்டுவிடுவார்.

அவர் பெண்சாதி றீற்றாவுக்கு இந்தக் கதையெல்லாம் அலுத்துப்போயிற்று.

"ஒன்பது வருசமா மாதா கோயில் பூசைக்கு நான் தனியப் போறன். இந்த ஞாயிறு ஒரு படமாவது கொண்டு வாங்கோ. இல்லாட்டி உந்தத் தூண்டிலை அலுமாரிக்கு மேலை போட்டிட்டு என்னோடை வாங்கோ."

ரோசத்தில் "ஓம்" என்று சொல்லிவிட்டார்.

அவருடைய போன் போன மாதம்தான் ஆற்றோடு போயிருந்தது. ஆகவே படமெடுக்க, அக்குறணையில் பீங்கான் கடை வைத்திருக்கும் சிநேகிதர் ஹாஷிமைக் கூட்டிக்கொண்டு பல்லேகலப் பக்கம் ஆற்றில் இறங்கினார். நல்ல மனிதர் ஹாஷிம். என்ன, எதையும் இரண்டு மடங்காக்கிச் சொல்லாவிட்டால் அவருக்கு நித்திரை வராது.

இரையாகக் கட்டிய ரப்பர் தவளையை எறிந்து எறிந்து விமலநாதனின் தோள் விட்டுப்போகும் நேரத்தில் தூண்டில் வளைந்தது. கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். கைக்கு வந்தது மூன்றடி விரால்!

"ஹாஷிம், கெதியா எடும்! ஒண்டு, ரெண்டு..."

ஹாஷிம் போனைத் தூக்கவும் அது அடிக்கவும் சரியாக இருந்தது. "உம்மா பேசுறா, கொஞ்சம் இரிங்க சேர்" என்று காதில் வைத்துக்கொண்டார் அந்தப் புண்ணியவான். உம்மாவுக்கு முழங்கால் வலியாம். எந்தக் கால் என்று விசாரணை வேறு.

"பதினெட்டு, பத்தொன்பது" என்று விமலநாதன் பல்லைக் கடித்தார்.

முப்பது வந்தது. கைகள் தாமாகவே தண்ணீருக்குள் இறங்கின. விரால் வாலால் அவர் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போயிற்று.

"ஏன் சேர் விட்டீங்க? விரால் காத்தைக் குடிக்கிற மீன், கரையில கிடந்தாலும் லேசில மவுத்தாகாதுன்டு நீங்கதானே நூறு தரம் சொன்னீங்க!"

சொன்னது உண்மைதான். அந்த அறிவெல்லாம் பாழாய்ப்போன அந்த நிமிடத்தில் எங்கே போய்த் தொலைந்தது? தன் கைகளைத் தானே வெட்டிப்போடலாம் போலிருந்தது அவருக்கு.

வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து றீற்றா கொஞ்சம் இளகினாள்.

"மூண்டடியோ? பொறுங்கோ, ஹாஷிமிட்டையும் கேப்பம்." தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். விமலநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டேன் அக்கா" என்றார் ஹாஷிம், சிநேகிதரைக் காப்பாற்றும் உற்சாகத்தில். "அஞ்சடி! ஆறும் இரிக்கலாம்."

றீற்றா போனை வைத்தாள்.

"வாற ஞாயிறு ஏழு மணிப் பூசை. நீங்கள் போட வெள்ளைச் சேட்டை மினுக்கி வைக்கிறன்."