குமரேசன் அளக்காமல் மாட்டிய ஹெட்

பௌர்ணமி அன்று காலை, லேத்தில் ஒரு பம்புசெட் ஷாஃப்ட்டைக் கடைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் சேகர். “மாமா போயிட்டாருண்ணா. டீ குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வெச்சாரு. அப்படியே சாஞ்சிட்டாரு” என்றார். எந்த மாமா என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன். சேகருக்கு இருந்த ஒரே மாமா, அவருடைய அக்காள் வசந்தா அம்மாவின் கணவர் குமரேசன் அவர்கள்தான். மெஷினை நிறுத்தாமலே பேசியிருக்கிறேன் போல. திரும்பிப் பார்த்தபோது ஷாஃப்ட் பாழாகியிருந்தது.

கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ ஒன்றும் நகரவில்லை. அடி அண்ணாமலையில் இருந்த அவர் வீடு வரைக்கும் நடந்தே போனேன். எல்லோரும் “அரோகரா” என்று சொல்லிக்கொண்டு நடக்க, நான் மட்டும் அழுதுகொண்டு நடந்தேன். யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. அந்தப் பாதையில் அழுகிறவர்கள் புதிதில்லையே.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். குமரேசன் அவர்கள் செங்கம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தவர். மற்றவர்கள் ஓடாத வண்டியை ஓட வைப்பார்கள். இவர் ஓடுகிற வண்டியைப் பறக்க வைப்பார். சென்னைப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் நேர்கோட்டுப் பந்தயம் நடக்கும். இரண்டு பைக்குகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கொடி விழுந்ததும் கால் மைல் தூரம். முடிவுக் கோட்டை முதலில் தொடுபவர் ஜெயிப்பார். திருப்பம் கிடையாது, தந்திரம் கிடையாது, எல்லாம் இன்ஜினின் சக்திதான். அந்தச் சக்தியை எங்கிருந்து உருவுவது என்பது இவருக்குத் தெரியும்.

மாவட்டம் பிரிந்த வருஷம், எண்பத்தொன்பதில், முதன்முதலாக என் லேத்துக்கு வந்தார். கையில் ஒரு இரண்டு ஸ்ட்ரோக் பைக்கின் ஹெட். இன்ஜினுக்கு மூடி போல உட்காருமே, அதுதான் ஹெட். அதன் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவினால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் கூடும், வண்டி சீறும். அளவுக்கு மேல் சீவினால் சூடு தாங்காமல் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். நான் சீவிக் கொடுத்தேன். மனிதர் பையிலிருந்து மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சை எடுத்தார். ஹெட்டைக் கவிழ்த்து அதன் குழியில் துளித்துளியாக எண்ணெய் விட்டு, எத்தனை மில்லி கொள்கிறது என்று என் கண்ணெதிரிலேயே அளந்தார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். “இன்னாங்க இது? என் கை மேல நம்பிக்கை இல்லன்னா வேற லேத்து பாத்துக்குங்க!” என்று கத்தினேன்.

“கோச்சிக்காதீங்க தணிகாசலம். சாமியே செஞ்சு குடுத்தாலும் நான் அளந்துதான் மாட்டுவேன். பழக்கம்.”

“அப்ப சாமிகிட்டயே போங்க.”

அவர் சிரித்துவிட்டார். சிரிஞ்சைப் பையில் போட்டார். “சரி, உங்க வேலைய இனிமே அளக்க மாட்டேன். போதுமா?” என்றார். அன்றிலிருந்து நான் கொடுத்த எதையும் அவர் அளக்கவில்லை. வெல்டிங்காரர் வேலையை அளப்பார், கம்பெனியிலிருந்து வந்த புது பிஸ்டனைக்கூட அளப்பார். என்னுடையதை மட்டும் துணியால் துடைத்து அப்படியே மாட்டிவிடுவார். ஊரெல்லாம் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன் நான். மடையன்.

ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் இவருக்கு ஒரு பழைய பத்திரிகை கொடுத்தார். மணலில் ஓடும் நாலு சக்கர பைக்குகளின் பந்தயப் படங்கள். இங்கிலீஷ் இவருக்கு ஓடாது. அந்த வண்டியின் சைலன்சர் நடுவில் வயிறு போல உப்பியிருப்பதை மட்டும் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, “படத்துல ஓட்டுறவன் பூட்ஸ் பன்னெண்டு இன்ச்சுன்னு வெச்சுக்கலாம். அதை வெச்சு குழாய் நீளம் கணக்குப் போடுங்க” என்றார். போட்டோம். தகரத்தை வெட்டிச் சுருட்டிப் பற்றவைத்தோம். மூன்றாவது குழாயில் வண்டி ஒரு கத்து கத்தியது பாருங்கள், எதிர் டீக்கடையில் பால் பொங்கி வழிந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

வேங்கிக்காலில் அப்போது ஆபீஸ்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அகலமான ரோடு, ஆளரவம் கம்மி. விடிந்ததும் அங்கேதான் ஓட்டிப் பார்ப்போம். ஓட்டுபவர் சேகர். பிளக்கைக் கழற்றி அதன் முனை நிறத்தைப் பார்ப்பார் குமரேசன். டீ நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகாணிக்கு ஜெட் என்று பெயர். அதை மாற்றி மாற்றிப் போடுவார். ஒரு நாள் ஆபீஸ்காரர் ஒருவர் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தார். அடுத்த வாரமே தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, இதையும் வேகமாக்க முடியுமா என்று கேட்டார். “ஆபீசுக்கு சீக்கிரமா போயி இன்னா சார் பண்ணப்போறீங்க?” என்றார் குமரேசன்.

இனி சொல்ல வேண்டியதுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒரு மார்கழியில் பெரிய பந்தயம். முந்தின வருஷம் அரைச் சக்கரத்தில் தோற்றிருந்தோம். “அரை மில்லிமீட்டர் சீவுங்க, ஜாஸ்தி வேணாம்” என்று ஹெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அரை சீவினேன். கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்தால் இந்த வருஷம் நம்முடையது என்று மனசு சொன்னது. கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் எடுத்துவிட்டேன். ஜெயித்த பிறகு சொல்லி, அவரை வாய்பிளக்க வைக்கலாம் என்று நினைத்தேன். அவர் துடைத்தார், மாட்டினார். அளக்கவில்லை.

பாதித் தூரத்தில் சேகர்தான் முன்னால். அப்போது பிஸ்டன் சிக்கியது. பின்சக்கரம் பூட்டுப் போட்டது போல நின்றது. சேகர் பறந்து விழுந்தார். தோள் எலும்பு நொறுங்கியது. இன்றைக்கும் அவரால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது.

“குளிர் காத்துக்கு ஜெட் சின்னதா போட்டுட்டாரு” என்றார்கள். காற்று குளிர்ந்தால் பெட்ரோல் கூடுதலாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் குமரேசன், “ஆமாம், என் கணக்குதான் தப்பு” என்று சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷக் கோழைத்தனம் பத்து வருஷத்துக்கு மேல் நீண்டது.

பந்தயக்காரர்கள் அதன்பின் அவரிடம் வரவில்லை. ஜெட்டு தெரியாத மெக்கானிக் என்று கிண்டல் செய்தார்கள். சேகர் இரண்டு வருஷம் அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. குமரேசன் பம்புசெட்டும் ஆட்டோவும் பார்த்தார். எப்போதாவது ஒரு ஹெட்டைக் கொண்டுவருவார். இந்த முறை சிரிஞ்சை எடுப்பார் என்று ஒவ்வொரு தடவையும் காத்திருப்பேன். எடுக்க மாட்டார். துடைப்பார், “நல்லா வந்திருக்குங்க” என்பார், போய்விடுவார். இவருக்குத் தெரியவே தெரியாது என்று நம்பினேன். அவர் போன பிறகு, தனியாக உட்கார்ந்து, கொடுத்த வேலையை மனசுக்குள் மூன்று முறை அளப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வசந்தா அம்மாவிடமும் சேகரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வசந்தா அம்மா பதறவில்லை. “தெரியும்ணா” என்றார்.

“இன்னாம்மா தெரியும்?”

“இன்ஜினைக் கழட்டுன அன்னைக்கே ஊசியில எண்ணெய் விட்டுப் பாத்தாரு. ஹெட்டுதான்னு சொன்னாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னுட்டாரு. ‘தணிகாசலம் ரோஷக்காரரு, தெரிஞ்சா லேத்தை மூடிட்டுப் போயிடுவாரு’ன்னாரு. தம்பிகிட்டகூட நான் சொல்லல. அப்புறமும் அளக்காமதானே மாட்டுறீங்கன்னு திட்டினேன். ‘இப்ப அளந்தா அவருக்குப் புரிஞ்சிடும்மா’ன்னாரு” என்றார்.

சேகர் என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “ரெண்டு வருஷம் மாமாகிட்ட பேசாம இருந்தேனே” என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். அப்புறம் உள்ளே போய் அந்தச் சிரிஞ்சைக் கொண்டுவந்து இடது கையால் என்னிடம் நீட்டினார். “மாமா பேரு கெட்டது ஊருக்கே தெரியும். நீங்க சொல்றதும் ஊருக்குத் தெரியணும். நம்ம மெக்கானிக் சங்கத்துத் தாளுல எழுதுங்க” என்றார்.

எழுதிவிட்டேன், சேகர்.

சிரிஞ்ச் இப்போது என் லேத்தின் மேல் ஆணியில் தொங்குகிறது. சீவி முடித்த ஒவ்வொரு ஹெட்டையும் கவிழ்த்து, கொண்டுவந்தவர் கண்ணெதிரிலேயே எண்ணெய் விட்டு அளந்து காட்டிய பிறகுதான் கொடுக்கிறேன்.

குமரேசன், நீங்கள் போட்ட ஜெட் சரியான ஜெட். போய் வாருங்கள்.