காலியாக இருக்கக் கூடாத இடம்

பிரேக்குக்காரருக்குப் பெண் கொடுத்ததே பந்தாட்ட மைதானம்தான். அவருடைய அப்பாவும் பெண்ணின் அப்பாவும் கிழக்குப் பக்கத்துப் படி வரிசையில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, ஒரே அணிக்காகத் தொண்டை வறளக் கத்தி, ஒரே நடுவரைத் திட்டிப் பழகியவர்கள். சம்பந்தம் பேச வேறு இடம் தேடவில்லை. ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் பேச்செடுத்து, அடுத்த பாதி தொடங்குவதற்குள் முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவின் இடம் பிரேக்குக்காரருக்கு வந்தது. மாமனாரின் இடம் மச்சினனுக்குப் போனது.

மச்சினன் சலூன் வைத்திருந்தான். வாய் உள்ளவன், அதனால் ரசிகர் கூட்டத்துக்கும் அவனே தலைவன். பிரேக்குக்காரர் அப்படியில்லை. பஸ் பணிமனையில் பிரேக் வேலை. குழிக்குள் இறங்கி, பஸ்ஸின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்தபடியே காலம் தள்ளியவர். கழுத்து பின்னால் சாய்ந்தே நின்றுவிட்டது. தெரியாதவர்கள் திமிர் பிடித்த ஆள் என்று நினைப்பார்கள்.

மகளுக்குப் பல் முளைக்காத காலத்தில் அவர்கள் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அவளுக்குக் கல்யாணமாகி, பேரனும் பிறந்தாயிற்று. அணி இன்னும் மேலே ஏறவில்லை. இடையில் இரண்டு முறை பிளே-ஆஃப் வரை வந்து, வாசற்படியில் வழுக்கி விழுந்தது. இந்த வருஷம் மூன்றாவது முறை. அதுவும் சொந்த மைதானத்தில். ஜெயித்தால் மேல்பிரிவு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அவர் ஒரு மாதம் முன்பே லீவு சொல்லி வைத்திருந்தார். பிரேக் லைனிங்கை மாற்றிக்கொண்டே யாரை எங்கே நிறுத்தலாம் என்று யோசிப்பார். இடது பக்கம் ஓடுகிற பையனுக்கு முழங்கால் சரியாகிவிட்டதா என்று மேஸ்திரியிடம் தினமும் கேட்பார், ஏதோ சொந்த மருமகனை விசாரிப்பது போல. செத்துப்போவதற்குள் ஒருமுறை தன் இடத்தில் உட்கார்ந்து, அணி மேலே ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறு பெரிய ஆசை எதையும் அவர் வளர்த்துக்கொள்ளவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆட்டத்துக்கு முன்னால் சலூனில் கூடி, யார் ராசி, யார் ராசியில்லை என்று பேசி முடிவு கட்டுவார்கள். ராசியில்லாதவர் அன்றைக்கு மைதானத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே பிரேக்குக்காரர்தான். மாமனாரின் தம்பி, அதாவது அவருடைய சின்ன மாமனார், வந்த ஆட்டமெல்லாம் தோற்கிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். அந்த மனிதர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. ஆட்டம் நடக்கும்போது வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாராம். அப்படியே ஒரு வருஷத்தில் காலமானார். சாவு வீட்டில்கூட யாரோ, இனிமேல் நமக்கு நல்ல காலம் என்று சிரித்தார்கள். பிரேக்குக்காரரும் சிரித்தார்.

வியாழக்கிழமை சவரத்துக்குப் போனார். மச்சினன் நுரை போட்டு, தலையைச் சாய்த்து, கத்தியைக் கழுத்தில் வைத்த பிறகுதான் பேச்சை ஆரம்பித்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க வர வேணாம்."

கத்தி கழுத்தில் இருக்கும்போது யாரால் வாதாட முடியும்? அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவன் காரணங்களை அடுக்கினான். தோற்ற இரண்டு பிளே-ஆஃபிலும் அவர் இருந்தார். இந்த வருஷம் அவருக்கு ஞாயிறு டூட்டி விழுந்த நாளிலெல்லாம் அணி ஜெயித்திருக்கிறது. எல்லாரும் பேசித்தான் முடிவு செய்தார்களாம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அவருக்கு வாய் திறந்தது. "அது என் அப்பா உக்காந்த இடம்டா."

"சித்தப்பாவுக்கு நீங்க சொன்னதுதானே மாமா இது?" என்றான் அவன். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் அவரைக் குத்தியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

"ஒரு நாள்தானே, விட்டுக் குடுங்களேன். எடம் காலியா இருக்கக் கூடாதாம். அதனால உங்க எடத்துல என்னை வந்து உக்காரச் சொல்றான்."

பந்து உருண்டையா சதுரமா என்று அதுவரை கேட்டறியாதவள் அவள். ஞாயிறன்று அணியின் நிறத்தில் உடுத்திக்கொண்டு கிளம்பினாள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவர் பணிமனைக்கே போனார். மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பஸ்ஸைக் காட்டினார். அவர் குழிக்குள் இறங்கினார். மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். கூட்டத்தின் இரைச்சல் மதிலைத் தாண்டி வரும். நம்மவர்கள் கோல் போட்டால் எப்படி இருக்கும், எதிராளி போட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஸ்பானரும் கையுமாக நின்றபடி யோசித்தார். ஜெயித்துவிட்டால்? அவர் ராசியில்லாதவர் என்பது ஊருக்கே ருசுவாகிவிடும். தோற்றால்? தப்பு அவர் தலையில் விழாது, ஆனால் அணி மறுபடியும் கீழே கிடக்கும். மேலே யாரோ ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். பிறகு இரைச்சல் சட்டென்று அறுந்து விழுந்தது போல நின்றது. எதிராளி கோல் போட்டுவிட்டான்.

அவருக்கு நெஞ்சு லேசானது. சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருஷம் அந்த அணிக்காகச் சோறு தண்ணி மறந்த மனுஷன், அது வாங்கிய கோலுக்குக் குழிக்குள் நின்று சிரித்தார். சிரித்ததை உணர்ந்ததும் உடம்பு கூசியது. ஆனாலும், இன்னொன்று போடு, போடுடா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

இன்னொன்று விழவில்லை. இரண்டாம் பாதியில் மதில் அதிர ஒரு முழக்கம் வந்தது, கொஞ்ச நேரத்தில் இன்னொரு முழக்கம். அதன் பிறகு தெருவெல்லாம் ஹாரன்.

மச்சினன் பணிமனைக்கே ஓடி வந்தான். குழிக்குள் குதித்து, கிரீஸ் சட்டையைக்கூடப் பார்க்காமல் அவரைக் கட்டிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர்.

"உங்களாலதான் மாமா! நீங்க மட்டும் மனசு வெக்கலன்னா..."

பின்னாலேயே வந்த மனைவிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் பார்த்திராத ஒரு பளபளப்பு அவள் முகத்தில்.

மறு வருஷம் அணி மேல்பிரிவில் ஆடியது. அவர் இடத்தில் மனைவி உட்கார்ந்தாள். யாரும் அவரை வராதே என்று மறுபடி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஞாயிறு டூட்டியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மேல்பிரிவில் எல்லா ஆட்டமும் ஜெயிக்க முடியுமா? முதல் தோல்விக்கு மறுநாள் காலையில் மச்சினன் வந்து நின்றான். டீயைக்கூடத் தொடவில்லை.

"மாமா, நேத்து நீங்க ரேடியோவுல ஆட்டத்தைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றார் அவர். அது உண்மைதான். அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். அக்கா இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.