சுண்டுவிரலுக்கு ஒரு சீட்

கிதார் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இடது கையில் மூன்று விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. சுண்டுவிரல் மட்டும் எப்போதும் தாமதமாகத்தான் கம்பிக்கு வந்து சேரும்.

"பஸ்ல போவசொல்ல சும்மா நிக்காதீங்க, நாலு விரலையும் வரிசையா தட்டிக்கினே இருங்க" என்றார் மாஸ்டர்.

இன்று மாலை திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில், நின்றபடி சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த சீட்டில் இருந்த அக்கா என் கையையே பார்த்தார். "ஏம்மா, எத்தினி நாளா இப்படி இழுத்துக்கினு இருக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க, கிதாரு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் பக்கத்தில் இருந்த கணவரை உலுக்கினார். "எழுந்திருங்க, அந்தப் பொண்ணு ஒக்காரட்டும். நரம்பு கோளாறு."

அவருக்கே முழங்காலில் கட்டு. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், எழுந்துவிட்டார். அதற்கு மேல் உண்மையைச் சொல்ல எனக்கு எங்கே வாய் வரும்? உட்கார்ந்தேன்.

பின் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பிரம்மதேசத்துல ஒருத்தர் எண்ணெய் போட்டு நீவி விடுறாருங்க. ஜல்தியா போய்ப் பாருங்க, உட்டுட்டா பேஜாரு."

கையை நிறுத்தினால் குட்டு உடைந்துவிடும். அதனால் விடாமல் தட்டினேன். விக்கிரவாண்டி தாண்டும்போதுதான் கவனித்தேன், சுண்டுவிரல் சரியான நேரத்தில் விழுகிறது. அதுவும் இரண்டு மடங்கு வேகத்தில்.

வீட்டுக்கு வந்ததும் கிதாரை எடுத்தேன். பழைய கதைதான்.

பொய் சொல்லும்போது மட்டும் ஓடும் விரலை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எண்ணெய் மட்டும் வேண்டாம்.