உதட்டால் சொன்ன பதில்

யஹோஸ்காவுக்குக் கை ஒழிந்து நான் பார்த்ததில்லை. லியோன் பஸ் நிலையத்தில், சோள ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி சுருட்டிய கெசியோ விற்கிறவள். தலையில் தட்டு, ஒரு கையில் சில்லறை, இடுப்பில் மகள் ஜெய்லின். மனாகுவா பஸ் எது என்று யாராவது கேட்டால் உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் நீட்டுவாள். எங்கள் ஊரில் எல்லாருமே அப்படித்தான். பக்கத்தில் பழச்சாறு விற்கும் நானும் விரலை நீட்டி எதையும் காட்டியதில்லை.

ஜெய்லினுக்கு ஒன்றரை வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. "இதுக்கும் மண்டையில ஒண்ணும் ஏறாது, அவ அம்மா மாதிரியே" என்று மாமியார் பெர்த்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். யஹோஸ்கா உள்ளுக்குள் புழுங்குவாள். குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று பார்க்கப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வியாபாரத்தை விட்டுவிட்டுக் கிளம்பினாள். பிள்ளைக்குப் புரிகிறது என்று படித்தவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

ஸ்பெயினிலிருந்து வந்த டாக்டரம்மா யஹோஸ்காவின் கண்ணைத் துணியால் கட்டினார். பெற்றவள் ஜாடை காட்டிவிடக் கூடாதாம். குழந்தை அவள் மடியில். எதிரே மேசையில் ஸ்பூனும் பந்தும்.

"ஸ்பூன் எங்க கண்ணு? தொட்டுக் காட்டு."

ஜெய்லின் ஸ்பூனைப் பார்த்தாள். உதட்டைக் குவித்து அதன் பக்கம் நீட்டினாள். டாக்டரம்மா காத்திருந்துவிட்டு, உதவிக்கு நின்ற பெண்ணிடம், "பதில் இல்லை" என்றார். அடுத்து பந்து. மறுபடி உதடு, மறுபடி "பதில் இல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதான் சொல்லிட்டாளேம்மா! உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"விரலால தொடணுங்க. எல்லா நாட்டுக் குழந்தைங்களுக்கும் ஒரே விதி. இங்க மட்டும் மாத்துனா ஒப்பிட முடியாது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். உதவிக்கு நின்றவள் எங்கள் ஊர்க்காரி. அவளும் வாயைத் திறக்கவில்லை.

கண்கட்டை அவிழ்த்ததும் யஹோஸ்கா கேட்டாள்: "எம் புள்ளைக்குப் புரியுதுங்களா?"

"தனித்தனியா ஒரு குழந்தையைப் பத்தி நாங்க சொல்றதில்லைங்க."

வெளியே வந்து நான் சொன்னேன்: "உதட்டால காட்டுனாடி. நான் பாத்தேன்."

"நீ என்ன டாக்டருக்கா படிச்ச?" என்று என் மேல் எரிந்து விழுந்தாள்.

வழியெல்லாம் குழந்தையின் விரலைப் பிடித்துச் சுவர், மரம், கதவு என்று வைத்து அழுத்தினாள். "விரலால காட்டுடி! விரலால!" குழந்தை உதட்டை நீட்டியபோதெல்லாம் வாயில் ஒரு தட்டு. தடுத்துப் பார்த்தேன். கேட்டால்தானே!

வாசலிலேயே பெர்த்தா நின்றிருந்தாள். "என்னவாம் டாக்டரு?"

யஹோஸ்கா குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். மாமியார் குழந்தையிடம் குனிந்தாள். "உன் செருப்பு எங்கடி?"

செருப்பு கதவோரம் கிடந்தது. ஜெய்லின் அதைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.

"பாத்தியா, நான் அப்பவே சொல்லல?" என்றாள் பெர்த்தா.