கர்த்தர் திருப்பித் தந்த கட்டைவிரல் ரேகை

"இது உங்க பாஸ்போர்ட்டே இல்லைம்மா" என்று அந்த அதிகாரி சொன்னார்.

ஜில்லா போலீஸ் ஆபீஸில், வெளிநாட்டுக்காரர்களுக்கென்று போட்டிருந்த மேசைக்கு முன்னால் நின்றிருந்தேன். பையில் என் ஒரே மகள் எலிசாவின் கடிதம் இருந்தது. அவள் பிரான்சு தேசத்தில் புருஷனோடு இருந்தாள். முதல் பிள்ளை பிறந்த அன்றைக்கே போய்விட்டது. இப்போது இரண்டாவது, ஐப்பசியில் பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். "அவர் பட்டாள முகாமுக்குப் போய்விட்டால் நான் மட்டும்தான் அம்மா. பயமாக இருக்கிறது. நீ வந்துவிடு" என்று எழுதியிருந்தாள். மாப்பிள்ளை விமான டிக்கெட்டையும் அனுப்பிவிட்டார். அறுபதுகள் முடிந்து எழுபது பிறந்திருந்த சமயம். அது ஆவணி மாதம். எனக்கு இருந்த நாள் அவ்வளவுதான்.

இதை வாசிக்கிற சபையார் எல்லோருக்கும் சலோமியம்மாளின் தோத்திரம். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். நிதானமாகத்தான் சொல்லுவேன். நீங்களும் நிதானமாகக் கேளுங்கள்.

விருத்தாசலத்தில் பிறந்தவள் எப்படி வெளிநாட்டுக்காரி ஆனாள் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, எந்த நாட்டுப் பிரஜையாக இருக்கப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கினார்கள். அவர் பிரெஞ்சு என்று எழுதினார். என்னையும் அப்படியே எழுத வைத்தார். எனக்கும் ஒரு பாஸ்போர்ட் வந்தது. அப்போது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கையெழுத்துப் போடும் இடத்தில் கைநாட்டுத்தான் வைத்தேன்.

அவர் பட்டாளத்தில் பென்ஷனுக்கு வேண்டிய முழு வருஷமும் முடிக்காதவர், அதனால் அது கிடைக்கவில்லை. அவர் காலமான பிறகு நான் பிறந்த ஊருக்கே வந்தேன். பீங்கான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். பச்சைக் கோப்பை, ஃபியூஸ் கட்டை இதையெல்லாம் சூளைக்குப் போகும் முன்னால் ஈரப் பஞ்சாலும் உப்புத்தாளாலும் தேய்த்து ஓரம் எடுப்பது என் வேலை. என் கையில் ஓரம் எடுத்த கோப்பை உதட்டில் பட்டால் பட்டு மாதிரி இருக்கும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதைவிடப் பெரிய கர்வம் ஒன்று இருந்தது. சபையில் வேதம் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். படிப்பது பாதி வந்தது. ஆனால் என் பேரை எழுத முழுசாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் மையை நீட்டினாலும், "நான் கைநாட்டு இல்லைங்க" என்று சொல்லிப் பேனாவை வாங்கிக்கொள்வேன்.

அந்த அதிகாரி முன்னாலும் அப்படித்தான் செய்தேன். வருஷா வருஷம் என் பதிவுப் புத்தகத்தை நீட்டினால் முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். இந்தத் தடவை அப்படி இல்லை.

"எந்த ஊரும்மா?"

"விருத்தாசலங்க."

"விருத்தாசலத்துக்காரங்களுக்கு எதுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட்டு?"

சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. பெரியம்மை ஊசி போட்ட மஞ்சள் புத்தகம் வேண்டும் என்றார். நாட்டை விட்டுப் போக அனுமதி வேண்டும், திரும்பி வர விசா வேண்டும் என்றார்.

"என் வூட்டுக்கு நான் வர்றதுக்கு எதுக்குங்க விசா?"

"வூடு உங்களுதுதான். நாடு உங்களுது இல்லீங்களே."

அங்கேயே எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. வெளியே அனுப்பிவிட்டு ஒரேயடியாகக் கதவைச் சாத்தப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். இருந்தாலும் விண்ணப்பத்தில் என் பேரின் ஏழு எழுத்தையும் நிறுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பினார். கைநாட்டைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதுல எழுதத் தெரியாதவங்கன்னு இருக்குது. நீங்க நல்லாவே எழுதுறீங்களே?"

"அப்புறம் கத்துக்கிட்டேங்க."

"சரி, விரலை வெயுங்க."

வைத்தேன். காகிதத்தில் கரிய பொட்டு ஒன்று விழுந்தது. ஒரு கோடுகூட இல்லை. அழுத்தி வைக்கச் சொன்னார், உருட்டி வைக்கச் சொன்னார், துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். எல்லாம் வழவழவென்று உரித்த புளியங்கொட்டை மாதிரியே விழுந்தது. பாஸ்போர்ட்டில் இருந்த கைநாட்டிலோ சுழி சுழியாக ரேகை ஓடியது.

"மருந்து கிருந்து போட்டு அழிச்சீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் அது என் பாஸ்போர்ட்டே இல்லை என்ற வார்த்தையையும் சொன்னார். பாஸ்போர்ட்டை மேசை அறைக்குள் வைத்துக்கொண்டார். "ஒரு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் ரேகை ஒத்துப்போகலைன்னா மேலிடத்துக்கு எழுத வேண்டி வரும்" என்றார். நான் இன்னாள்தான் என்று எங்கள் போதகர் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தை நீட்டினேன். "கடுதாசி விரல் ஆகாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புதுப் பாஸ்போர்ட் எடுக்கலாமா என்று பாண்டிச்சேரியில் விசாரித்தேன். அதற்கு மாதக்கணக்காகும் என்றார்கள். அதற்குள் எலிசாவுக்குப் பிள்ளை பிறந்துவிடும்.

யாரோ என்மேல் போலீசுக்குப் பெட்டிசன் எழுதிப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் செய்தது ஜெபமா, கோள் மூட்டலா என்றே தெரியவில்லை. "ஆண்டவரே, என்மேல் பெட்டிசன் போட்டவன் யாரென்று எனக்குக் காட்டும். என் கையெழுத்தை அவர்கள் ஒத்துக்கொள்ளும்படி செய்யும். என்னைக் கைநாட்டாக்காதேயும்" என்று கேட்டேன். மகளைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். எங்கள் மேஸ்திரி கலியபெருமாள் என்னைவிடப் பத்து வயசு இளையவர். என் பக்கத்தில் வந்து நின்று கையையே பார்த்தார்.

"யக்கா, எங்க கைநாட்டு வெச்சிட்டு வந்தீங்க?"

"எங்கயும் இல்ல."

"மை இருக்குதே. வெளிச்சத்துல காட்டுங்க அந்தக் கட்டைவிரலை."

போலீஸ் ஆபீஸ் போனது இவருக்கு எப்படித் தெரியும்? கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் போய்விட்டார். மதியம் வந்து, "யக்கா, நாளையிலேர்ந்து நீங்க தேய்க்க வேணாம். கோப்பை தட்டுற கொட்டாய்க்குப் போங்க. கை ஆறட்டும், ஒரு இருபது நாளு" என்றார்.

கோப்பை தட்டுவது என்றால், சூளையிலிருந்து வந்த கோப்பையை மரக்குச்சியால் தட்டி, கணீர் என்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டால் விரிசல் என்று ஒதுக்குவது. கண் மங்கியவர்களுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் கொடுக்கிற வேலை. எனக்கா? ஆறட்டும் என்றால் என்ன அர்த்தம்? வீட்டுக்குப் போ என்று நாசூக்காகச் சொல்கிறான் என்று முடிவு கட்டினேன். பெட்டிசன் போட்டது இவன்தான், எனக்குக் காட்டிவிட்டீர் ஆண்டவரே என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னாலும் அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒரு விசுவாசி பேசக்கூடாத பேச்சு. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதையும் நான் குற்றத்தை ஒத்துக்கொள்வதாகவே எடுத்துக்கொண்டேன்.

கொட்டகையில் உட்கார்ந்து தட்டினேன். கழுவும் தொட்டிக்குப் போகிறவள் எல்லாம் எட்டிப் பார்ப்பாள். பச்சையம்மா என்று ஒருத்தி, தேய்க்கும் பலகையில் எனக்குப் பக்கத்து இடம். நான் பிரெஞ்சுக்காரி என்பதால் என்னைத் தொரசாணி என்றுதான் கூப்பிடுவாள்.

"நம்ம தொரசாணி ஜலதரங்கம் வாசிக்கக் கெளம்பிட்டாங்கடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் கூட்டுத்தான் என்று அவளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். தபால்காரர் ஒரு நாள் வராவிட்டால் அவரையும் சேர்த்தேன். ஜெபத்தில் உட்கார்ந்தால் ஆண்டவர் முகம் தெரியவில்லை, இவர்கள் முகம்தான் வரிசையாக வந்தது. எலிசாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. "கால் வீங்குகிறது, அம்மா, எப்போது வருகிறாய்?" என்று கேட்டிருந்தாள். அன்றைக்குத்தான் என் பெருமை எல்லாம் உதிர்ந்து அழுதேன். "கையெழுத்தோ கைநாட்டோ, உமக்கு எது இஷ்டமோ அது, ஆண்டவரே. என்னை அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்" என்றேன். வேறு எதையும் கேட்கவில்லை.

அதற்கு மூன்றாம் நாள். சூளை பிரித்த சரக்கு வந்திருந்தது. சூளையில் கோப்பைகளை மூடி வைக்கிற, கரி படிந்த மண் கூடுகளை நகர்த்தி நகர்த்திக் கோப்பைகளை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். பால் மாதிரி வெள்ளையான ஒரு கோப்பையின் வயிற்றில் கறுப்பாக ஒரு விரல் பதிந்திருந்தது.

"எவடி இது? கழுவாத கையோட தொட்டவ எவ? பச்சையம்மா, நீதானே இப்படிப் போன?" என்று கத்தினேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "நல்லாருக்குதே! என் கையப் பாரு, மண்ணு கையி. பதிஞ்சா வெள்ளையாத்தான் பதியும். காலையிலேர்ந்து கரிக் கையோட அந்த வரிசைய தொட்டது நீ ஒருத்திதான், தொரசாணி. மொதல்ல உன் வெரலப் பாரு."

வேண்டுமென்றே அவளைப் பொய்க்காரி ஆக்குவதற்காக என் கட்டைவிரலை அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் அழுத்திக் காட்டினேன். இரண்டும் ஒன்று. இரண்டிலும் சுழி சுழியாக, நெல் வயலில் ஏர் ஓட்டின மாதிரி, ரேகை.

அந்தக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "ஏ தொரசாணி, கோப்பைக்காவா அழுவுற? தொடச்சா போயிடும்" என்று பச்சையம்மா பயந்தே போனாள்.

கோப்பையோடு மேஸ்திரியிடம் போனேன். அவர் ரேகையைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்துடுச்சா? உப்புத்தாளும் மண்ணும் தின்னுடும் யக்கா. எங்க பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல விரலை வெச்சேன், ஒண்ணுமே விழல. 'பீங்கான் கம்பெனியா? இருபது நாளு மண்ணு தொடாம இருந்துட்டு வா'ன்னு அங்க இருந்தவரு சொல்லி அனுப்பினாரு. உங்க கையில மையைப் பார்த்ததும் புரிஞ்சிடுச்சு."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன மேஸ்திரி?"

"கை ஆறட்டும்னு சொன்னேனே யக்கா. அடுத்த வார்த்தை பேசறதுக்குள்ள நீங்க என் ஏழு தலைமுறையையும் இழுத்துட்டீங்க. நான் எங்க பேசறது?"

பெட்டிசன் போட்டவன் என்று யாரை வைதேனோ, அவரைக் கொண்டுதான் கர்த்தர் என் விரலைக் காத்து வைத்திருந்தார். நான் அவர் அனுப்பிய உதவியை வைதுகொண்டே, உதவி வரவில்லை என்று அழுதிருக்கிறேன். அத்தனை பேர் முன்னால் வைதேன், அத்தனை பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டேன். என் வயசில் அது லேசில்லை.

புரட்டாசியில் போலீஸ் ஆபீஸுக்குப் போனேன். அதிகாரி என் விரலை மையில் உருட்டி வைத்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இப்ப எப்படிம்மா வந்துச்சு?"

"கர்த்தர் குடுத்தாருங்க."

"ரெண்டு கைக்கும் குடுத்தாரா? அந்தக் கையையும் காட்டுங்க."

காட்டினேன். கம்பெனி வேலையைப் பற்றியும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்த ஏழு எழுத்தின் மேலும் கோடு கிழித்துவிட்டு, பக்கத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு அந்த மையில் விரல் வைத்தபோது எனக்கு வெட்கமே இல்லை. பாஸ்போர்ட்டும், போக அனுமதியும், திரும்பி வர விசாவும் கைக்குக் கிடைத்தன. அம்மை ஊசி போட்டுக்கொண்டு, மஞ்சள் புத்தகத்தோடு பம்பாய் போய் விமானம் ஏறினேன்.

பிரான்சில் இறங்கினதும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த வெள்ளைக்காரர் பாஸ்போர்ட்டை ரொம்ப நேரம் புரட்டினார். என் புடவையைப் பார்த்தார், அந்தக் கைநாட்டைப் பார்த்தார். இவனும் ஏதோ குற்றம் பிடிக்கப் பார்க்கிறான் என்று மனசு ஆரம்பித்தது. "ஆண்டவரே, இந்த மனுஷனை ஆசீர்வதியும்" என்று சொல்லி அதை அடக்கினேன். முத்திரை விழுந்தது. அந்தப் பக்கம் எலிசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஐப்பசியில் பெண் குழந்தை. மாப்பிள்ளை முகாமில் இருந்தார். ஆஸ்பத்திரியில் மகள் ஓய்ந்துபோய்க் கிடந்தபோது அவள் தலையைப் பிடித்துக்கொள்ள நான் இருந்தேன். பிள்ளை அழுத சத்தத்தைக் கேட்டதும், முதல் பிள்ளைக்காக அதுவரை அழாத அழுகையை எல்லாம் எலிசா அன்றைக்கு அழுதாள். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தையைச் சொல்லி அந்த நர்சம்மாவுக்கு நன்றி சொன்னேன்.

சபையாரே, என் சுபாவம் ஒரேயடியாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் யாராவது காரணமில்லாமல் சிரித்தால் எனக்கு உறுத்தும். ஆனால் ஒன்று செய்யக் கற்றுக்கொண்டேன். யார்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறதோ, அன்றைய ஜெபத்தில் அவர்கள் பேரைத்தான் முதலில் சொல்லுகிறேன். அவர்கள் வீட்டுக்காக, அவர்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். சொல்லச் சொல்ல, பாதிப் பேர்மேல் இருந்த சந்தேகம் ஆமென் சொல்வதற்குள் போய்விடுகிறது. மீதிப் பேரை ஆண்டவர் பார்த்துக்கொள்கிறார்.

நீங்களும் ஏதாவது ஆபீஸ் வாசலில் காகிதத்தோடு நின்றுகொண்டு, எல்லோரும் சேர்ந்து என்னைத் தள்ளுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் இன்றைக்கே முழங்கால் போடுங்கள். உங்களுக்கு வேண்டியதைக் கேட்கும் முன்னால், நீங்கள் கோபமாக இருக்கிற அந்த ஒருவர் பேரைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கர்த்தர் உங்களுக்கு அனுப்புகிற ஆள் அவராகக்கூட இருக்கலாம்.